ரேடார் எச்சரித்திருந்தால்? 1942 ஏப்ரலில் இலங்கையின் வான் காவல்

இலங்கையின் இரண்டாம் உலகப்போர்க் கதையைப் படித்தவர்கள் பேசத் தொடங்கினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பின் ரேடார் உரிய நேரத்தில் எச்சரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரிட்டனின் ஹரிகேன் போர் விமானங்கள் உயரத்தில் காத்திருந்து ஜப்பானியரைச் சிதறடித்திருக்குமா? பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய கப்பற்படை முதல் அடியை இந்துமாக்கடலில் வாங்கியிருக்குமா?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதை வெறும் கற்பனையாக ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கொழும்பில் இல்லாத எச்சரிக்கை நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் இருந்தது. எதிரியின் கப்பல்களும் விமானங்களும் அதேதான். காத்து நின்றவையும் அதே வகை விமானங்கள். இப்படி ஓர் ஒப்பீடு மாற்று வரலாற்றுப் பிரியர்களுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

முதலில் நடந்தது. சிங்கப்பூர் பிப்ரவரி 15 அன்று விழுந்தது. ஜாவாவும் ரங்கூனும் மார்ச் முற்பகுதியில் போயின. அடுத்தது இலங்கை என்று லண்டன் முதல் டெல்லி வரை எல்லோரும் நினைத்தார்கள். தீவில் அதுவரை சொல்லிக்கொள்ளும்படியான போர் விமானம் கிடையாது. மார்ச் 6, 7 தேதிகளில்தான் 'இன்டோமிட்டபிள்' விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 30, 261 ஆகிய இரண்டு படையணிகளின் ஹரிகேன்கள் பறந்து வந்து இறங்கின. 30ஆம் படையணி கொழும்பை அடுத்த இரத்மலானையில் நின்றது. 261 திருகோணமலையின் சீனன்குடாவுக்குப் போனது. சிங்கப்பூரிலும் சுமத்ராவிலும் ஜாவாவிலும் அடிபட்டுத் தப்பிவந்த விமானிகளைக் கொண்டு மார்ச் கடைசியில் 258ஆம் படையணியை மறுபடி கட்டினார்கள். அதற்கான ஓடுபாதை கொழும்பு நகருக்குள்ளேயே இருந்த குதிரைப் பந்தயத் திடல். இன்று கடைத்தொகுதியாக நிற்கும் அதே ரேஸ்கோர்ஸ்தான். இலங்கையின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்ட வைஸ் அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன் யாருடைய முகமும் கோணுவதைப் பற்றிக் கவலைப்படாத மனிதர். பந்தயத் திடல் போர்த் திடலானது. அப்படி ஒன்று இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது.

மார்ச் 26 அன்று ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை செலிபஸ் தீவிலிருந்து கிளம்பியது: அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு என ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். ஏப்ரல் 4 மாலை, தன் நீண்ட ரோந்தின் கடைசிப் பகுதியில், கனடிய விமானப்படையின் லெனர்ட் பர்ச்சல் இலங்கைக்குத் தெற்கே சில நூறு மைல் தொலைவில் அந்தக் கப்பல்களைக் கண்டார். கொக்கலையிலிருந்து பறந்த கேட்டலீனா கடல் விமானம் அவருடையது. செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியரின் ஜீரோ போர் விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. அவரும் உயிர்பிழைத்த தோழர்களும் போர் முடியும்வரை ஜப்பானியரின் கைதிகள். ஆனால் செய்தி கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் விடிந்தபின் ஜப்பானிய விமானி ஃபுச்சிடாவின் தலைமையில் சுமார் 125 விமானங்கள் வந்தன. அவற்றில் 36 ஜீரோ காவல் விமானங்கள். தாக்குதல் வரும் என்று தெரிந்திருந்தும், விமானிகள் விடியலுக்கு முன்பே தயாராக இருந்தும், எதிரி தலைக்குமேல் வந்த பிறகுதான் இரத்மலானை அதை உணர்ந்தது. கொழும்பில் ஒரு ரேடார் நிலையம் மார்ச் இறுதியிலேயே வேலையைத் தொடங்கியிருந்தது. ஆனால் அன்று காலை அதிலிருந்து பயனுள்ள எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. பணிமாற்ற நேரம் என்று ஒரு விளக்கம், பராமரிப்பு என்று இன்னொன்று, புது இயந்திரமும் பழகாத ஆட்களும் என்று மூன்றாவது. எதை ஏற்றாலும் விளைவு ஒன்றுதான்: ஹரிகேன்கள் ஒவ்வொன்றாக, குண்டு விழும் ஓடுபாதையிலிருந்து, மேலே ஜீரோக்கள் வட்டமிட்டுக்கொண்டிருக்க எழும்பின.

ஒரு போர் விமானம் தன் வாழ்நாளிலேயே அதிகம் ஆபத்தில் இருக்கும் நேரம் அது. வேகமும் இல்லை, உயரமும் இல்லை. சக்கரங்கள் இன்னும் உள்ளே மடங்கியிருக்காது. திரும்பினால் வேகம் போகும். நேரே போனால் முதுகு காட்ட வேண்டும். ரேஸ்கோர்ஸிலிருந்து கிளம்பிய 258ஆம் படையணியை யாரும் தேடி வரவில்லை. அதனால் அது தொந்தரவில்லாமல் எழும்பிச் சற்றே உயரம் பிடித்தது. அப்படியும் அதன் 14 ஹரிகேன்களில் 9 திரும்பவில்லை. இரத்மலானையிலிருந்த கடற்படையின் ஃபுல்மார் விமானங்களில் 4 போயின. ஜப்பானியர் இழந்தவை மொத்தம் 7. அன்று அரசு அறிவித்த கணக்கு இதைப் பல மடங்கு பெருக்கிச் சொன்னது. போர்க்காலத்தில் எல்லா நாடுகளும் செய்ததுதான்; மக்களின் நடுக்கத்துக்கு அது மருந்து.

இனி 'என்ன ஆகியிருக்கும்' என்ற கேள்விக்கு வருவோம். எச்சரிக்கை என்பதை நிமிடங்களில் சொல்வது வழக்கம். விமானிக்கு அது உயரத்தின் அடிக்கணக்கு. வந்த கூட்டத்தின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவு என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டரில் ரேடார் அதைப் பிடித்தால் 24 நிமிடம் கையில் கிடைக்கும். திரையில் தெரிந்த புள்ளி நம் விமானமா எதிரியா என்று முடிவெடுக்க, தொலைபேசியில் சொல்ல, கட்டுப்பாட்டு அறையில் வரைபடத்தில் குறிக்க, உத்தரவு தர, இயந்திரங்கள் உயிர்பெற, கடைசி விமானம் தரையை விட என்று எட்டுப் பத்து நிமிடம் கழித்துவிடுங்கள். மீதி பதினைந்து நிமிடம். ஹரிகேனின் மூக்குக்குக் கீழே வெப்பநாட்டுத் தூசியைத் தடுக்க ஒரு பெரிய வடிகட்டி தொங்கிக்கொண்டிருக்கும். அது வேகத்தையும் ஏற்றத்தையும் தின்றுவிடும். அப்படியிருந்தும் பதினைந்து நிமிடத்தில் அது எதிரியின் தலைக்குமேல் போய்ச் சேர்ந்திருக்கும். ஆக, எச்சரிக்கை இருந்தால் உயரம் நம் பக்கம். இல்லையென்றால் அவர்கள் பக்கம்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. 24 நிமிடத்தைப் பதினைந்தாகச் சுருக்குவது கருவி அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் அமைப்பு. 1940இல் பிரிட்டனை ரேடார் காப்பாற்றியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே கடற்கரையோரம் முழுக்க நிலையங்கள், நிலத்தில் ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள், வரும் தகவல்களைச் சரிபார்த்து வடிகட்டும் அறைகள், எங்கும் தொலைபேசிக் கம்பிகள், ஆண்டுக்கணக்கான ஒத்திகை. ஏர் சீஃப் மார்ஷல் டவ்டிங் கட்டியது ஒரு இயந்திரத்தை அல்ல, ஒரு நிர்வாகத்தை. கொழும்புக்குக் கிடைத்ததோ ஒரே நிலையமும் ஒரு வாரச் சொச்சப் பழக்கமும். அதனால் 'ரேடார் வேலை செய்திருந்தால்' என்ற மாற்று வரலாற்றை நேர்மையாக எழுத வேண்டுமானால் ஏப்ரல் 5இல் தொடங்க முடியாது. 1941 கோடையில் யாரோ ஒருவர் இலங்கைக்கு இரண்டு மூன்று நிலையங்களையும் அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களையும் ஒதுக்கியதாகத் தொடங்க வேண்டும். அப்போது மால்டாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் ஏன் இலங்கையை நினைக்கப் போகிறார்கள்?

சரி, அதையும் தந்துவிட்டோம் என்றே கொள்வோம். இங்கேதான் திருகோணமலை உதவுகிறது.

ஏப்ரல் 9 காலை, அங்கிருந்த ரேடார் எதிரிக் கூட்டத்தை நல்ல தொலைவிலேயே பிடித்தது. சில ஹரிகேன்கள் ஏற்கெனவே ரோந்தில் இருந்தன. மற்றவை குண்டு விழுவதற்கு முன்பே தரையை விட்டுவிட்டன. ரேடார் எச்சரித்திருந்தால் என்று நாம் ஏங்கும் நிலைமை இதுவேதான். முடிவு? 261ஆம் படையணி எழுப்பிய பதினாறு பதினேழு ஹரிகேன்களில் 8 போயின. 273ஆம் படையணியின் ஃபுல்மார்களில் மூன்று. ஜப்பானியர் இழந்தது ஒற்றை இலக்கம்தான். துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டு வாங்கின. எண்ணெய்த் தொட்டி ஒன்று நாள்கணக்கில் எரிந்தது.

எச்சரிக்கை பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கொழும்பில் ஏற்பட்ட அவலமான விகிதம் திருகோணமலையில் சற்றுத் தணிந்தது. தரையிலும் ஓடுபாதை முனையிலும் அடிபடுவது குறைந்தது. ஆனால் வானில் வென்றது யார் என்பது மாறவில்லை. எண்ணிக்கை ஒரு காரணம்: வந்த கூட்டத்தில் ஏறக்குறைய நாற்பது ஜீரோக்கள் இருந்தன. அந்த விமானிகள் சீனாவிலிருந்து பேர்ல் துறைமுகம் வரை போர் பார்த்தவர்கள். இன்னொரு காரணம் பழக்கம். ஜெர்மானியரையும் இத்தாலியரையும் எதிர்த்தபோது ஹரிகேன் விமானிகள் நம்பிய ஆயுதம் குறுகிய வட்டத்தில் திரும்புவது. ஜீரோவோ அதைவிடக் குறுகிய வட்டத்தில் திரும்பும். மேலிருந்து பாய்ந்து, சுட்டு, நிற்காமல் கீழே போய்விட வேண்டும், சுழலக் கூடாது. சிங்கப்பூரில் உயிர்விட்டு வாங்கிய பாடம் அது. 258இல் இருந்த சிலருக்குத் தெரியும். பாலைவனத்துக் கை பழகிவந்தவர்களுக்கு நான்கு வாரத்தில் அது ஊறியிருக்க முடியாது. என் கணக்கில், கொழும்பில் ரேடார் கச்சிதமாக வேலை செய்திருந்தால் ஹரிகேன் இழப்பு பாதியாகியிருக்கலாம். ஜப்பானிய இழப்பு பத்துப் பன்னிரண்டைத் தொட்டிருக்கலாம். பத்திரிகைத் தலைப்பு மாறியிருக்கும். போரின் போக்கு மாறியிருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையின் விலை திட்டவட்டமாகத் தெரிகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஏப்ரல் 5 காலை ஆறு சோர்ட்ஃபிஷ் விமானங்கள் டார்பிடோக்களைச் சுமந்தபடி சீனன்குடாவிலிருந்து கொழும்புப் பக்கம் வந்துகொண்டிருந்தன. துணி போர்த்திய இரட்டை இறக்கைக் கிழங்கள். எதிரி வந்துவிட்டான் என்று அவற்றுக்குச் சொல்ல யாரும் இல்லை. ஜீரோக்களின் நடுவில் போய் மாட்டிக்கொண்ட ஆறும் சில நிமிடங்களில் விழுந்தன. பத்து நிமிடம் முன்பு தெரிந்திருந்தால் அவை திரும்பிப் போயிருக்கும். பகலில் அவை நகுமோவை நெருங்கியிருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் இரவில் பறக்கப் பழகிய டார்பிடோ விமானங்களைத்தான் பிரிட்டனின் கீழைக் கப்பற்படைத் தளபதி அட்மிரல் சோமர்வில் நம்பியிருந்தார். இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்தில் 1940 நவம்பரில் அவை இரவில் செய்த வேலையை உலகம் கண்டிருந்தது.

மாற்று வரலாற்றை எதிர்த்திசையிலும் ஓட்டிப் பார்க்கலாம். ஹரிகேன்களே வந்திராவிட்டால்? மார்ச் 6 என்பது எவ்வளவு கடைசி நேரம் என்று பாருங்கள்; தாக்குதலுக்கு முப்பது நாள்தான் மீதி. அவை இல்லையென்றால் குண்டுவீச்சு விமானங்கள் பயிற்சிபோல வந்து போயிருக்கும். விமான எதிர்ப்புப் பீரங்கி மட்டும் அவற்றை நிறுத்தியிருக்காது.

அதற்கு முந்தைய கிளை இன்னும் சுவையானது. 1942 ஜனவரி 13 அன்று 51 ஹரிகேன்கள் பெட்டிகளில் சிங்கப்பூர் வந்து இறங்கின. அந்த மாத இறுதியில் அதே 'இன்டோமிட்டபிள்' மேலும் 48ஐ ஜாவா, சுமத்ரா நோக்கிப் பறக்கவிட்டது. கூட்டினால் 99. ஏப்ரலில் இலங்கை முழுவதிலும் இருந்ததைவிட அதிகம். அவை சில வாரங்களில் கரைந்துபோயின. அவற்றை நேரே இலங்கைக்குத் திருப்பியிருந்தால்? ராணுவக் கணக்குப்படி நல்ல யோசனை. அரசியல்படி நடக்காத காரியம். சிங்கப்பூரைக் கைவிடும் பேச்சு காதில் விழுந்ததுமே ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டின் அதை மன்னிக்க முடியாத துரோகம் என்று சர்ச்சிலுக்குத் தந்தி அடித்த மாதம் அது. எந்தப் பிரிட்டிஷ் அமைச்சரவையும் ஜனவரியில் அந்தப் பெட்டிகளைக் கொழும்பில் இறக்கியிருக்காது. இறக்கியிருந்தாலும் அத்தனை விமானங்களை நிறுத்த ஓடுபாதை இல்லை. ரேஸ்கோர்ஸில் அப்போது குதிரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

வான் காவல் முற்றாக உடைந்திருந்தால் ஜப்பானியர் இலங்கையில் கால் வைத்திருப்பார்களா? அன்று சென்னையில் பலர் அப்படித்தான் நம்பினார்கள். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. வங்கக்கடலில் இன்னொரு ஜப்பானிய அட்மிரலான ஒசாவாவின் கப்பல்கள் சில நாள்களில் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. ஜப்பானியப் படை சென்னையை நோக்கி வருகிறது என்ற பொய்ச் செய்தியை நம்பி அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின, நகரம் காலியானது. குண்டு விழுந்தால் கூண்டுகள் உடைந்து ஊருக்குள் வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலி, சிறுத்தைகளை மலபார் சிறப்புப் போலீசார் சுட்டுக்கொன்றார்கள். அத்தனை பீதிக்கும் அடியில் இருந்த உண்மை வேறு. இலங்கையைப் பிடிக்கும் திட்டத்தை ஜப்பானியக் கடற்படை முன்வைத்தபோது, படை தர முடியாது என்று தரைப்படை ஏற்கெனவே மறுத்துவிட்டது. நகுமோவின் பயணம் அந்தப் பெரிய திட்டத்தின் இடத்தில் வந்த சிறிய திட்டம். கப்பல்களில் படையினர் இல்லை. ஹரிகேன்கள் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ஏப்ரலில் யாரும் கொழும்புக் கடற்கரையின் காலி முகத்திடலில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

போர் விமானங்களைச் சுற்றியே பேசுவதில் உள்ள குறை இதுதான். அவை கப்பலை மூழ்கடிக்காது. நகுமோ உண்மையில் ஆபத்தில் இருந்த கணங்கள் வேறு இடத்தில் இருந்தன. ஏப்ரல் 5 அன்று கொழும்பை இரண்டாம் முறை தாக்க, கையிருப்பு விமானங்களில் டார்பிடோவை மாற்றிக் குண்டு பொருத்தச் சொன்னார். பாதியில் இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் கண்ணில்பட்டன. மறுபடி டார்பிடோ மாட்டச் சொன்னார். விமானந்தாங்கிகளின் தளங்களில் அந்த நேரத்தில் நிலவியிருக்கக்கூடிய குழப்பத்தை ஊகித்துக்கொள்ளலாம். நான்கு நாள் கழித்து, ரேஸ்கோர்ஸிலிருந்து கிளம்பிய 11ஆம் படையணியின் 9 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் அகாகியின் தலைக்குமேல் வந்தன. கப்பலில் ரேடார் இல்லை. குண்டுகள் பக்கத்தில் கடலில் வெடித்த பிறகுதான் தெரிந்தது. ஐந்து பிளென்ஹைம்கள் திரும்பவில்லை. குண்டு ஒன்றும் கப்பலில் படவில்லை. ஆனால் நகுமோவின் விமானந்தாங்கிகளை யாரும் சொல்லாமல் கொள்ளாமல் நெருங்க முடியும் என்பது அன்று நிரூபணமானது. ஜூன் 4 அன்று பசிபிக் கடலின் மிட்வே தீவருகே அமெரிக்கரோடு நடந்த போரில், இதே ஆயுத மாற்றக் குழப்பத்தின் நடுவே, இதே போன்ற எச்சரிக்கையற்ற கணத்தில் அகாகி எரிந்தது. ஹரிகேன்களுக்குப் பதில் இலங்கையில் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் முக்குளிப்புக் குண்டுவீச்சு விமானங்கள் இரண்டு படையணி இருந்திருந்தால் என்று யாராவது மாற்று வரலாறு எழுதினால் நான் ஆவலோடு படிப்பேன். பிரிட்டிஷ் விமானப்படை அந்த வகை விமானத்தையே பெரிதாக மதித்ததில்லை என்ற சிக்கலை அவர் முதலில் தீர்க்க வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு மாற்றம் செய்ய அனுமதி கிடைத்தால் ரேடாரைத் தொட மாட்டேன். ஏப்ரல் 2க்குப் போவேன். தாக்குதல் ஏப்ரல் 1ஐ ஒட்டி வரும் என்று உளவுத்துறை சொல்லியிருந்தது. சோமர்வில் தன் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே காத்துக் கிடந்தார். எதிரி வரவில்லை. பழைய போர்க்கப்பல்களில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. தகவல் தவறு போலிருக்கிறது என்று முடிவுகட்டி, மாலத்தீவின் தென்முனையிலுள்ள அட்டுப் பவளத்தீவுக்கு விலகினார். அப்போது மூன்று கப்பல்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்: பழுதுபார்ப்பைத் தொடர 'டார்செட்ஷர்', ஆஸ்திரேலியத் துருப்புகளை அழைத்துவர 'கார்ன்வால்', மடகாஸ்கர் நடவடிக்கைக்குத் தயாராக 'ஹெர்மஸ்' விமானந்தாங்கி. பர்ச்சலின் செய்தியால் கொழும்பிலிருந்து முதல் இரண்டும் அவசரமாகக் கிளம்பின. ஏப்ரல் 5 பிற்பகல் நடுக்கடலில் பிடிபட்டு மூழ்கின. இறந்தவர்கள் 424 பேர். ஹெர்மஸ் ஒரு விமானம்கூட இல்லாமல் ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அது கேட்ட வான் உதவி உரிய நேரத்தில் சேரவில்லை. ஃபுல்மார்கள் வந்தபோது கப்பல் இல்லை. அதில் 307 பேர். இந்த மூன்று கப்பல்களில் போன உயிர்கள், இலங்கை வானில் அந்த வாரம் இறந்த விமானிகளின் தொகையைப் பல மடங்கு மிஞ்சும். இன்னும் மூன்றே மூன்று நாள் அவை அட்டுவில் நங்கூரமிட்டுக் கிடந்திருந்தால் போதும்.